ஒரு பேப்பரில் 62, குரூப்பில் ஃபெயில்: சி.ஏ. இன்டர் எக்ஸெம்ப்ஷனை எப்படிக் கணக்குப் போடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். செப்டம்பரில் சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டரில், மூன்று மூன்று பேப்பராக உள்ள இரண்டு குரூப்பில் முதல் குரூப்பை மட்டும் எழுதினீர்கள். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில் 62, கார்ப்பரேட் அண்ட் அதர் லாஸில் 58, டாக்சேஷனில் 34. டாக்ஸ் காலை வாரிவிட்டது, குரூப் போச்சு. அக்கவுண்ட்ஸுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது அந்தப் பேப்பரை மறுபடி எழுதுவதிலிருந்து விலக்கு, கிடைத்திருக்கிறது. அது எவ்வளவு காலம் செல்லும், அதை 'பெர்மனென்ட்' ஆக்கிக்கொள்ளச் சொல்கிறாரே நண்பர் ஒருவர், அது நல்லதா, பி.காம். முடித்ததற்கும் சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர் முடித்தால் அதற்கும் இன்னும் ஏதாவது பேப்பர் கழியுமா என்று மூன்று கேள்வி. நீங்கள் நேராகக் கேட்காத நான்காவது ஒன்று இவற்றுக்கு அடியில் இருக்கிறது: இனி எவ்வளவு எடுத்தால் பாஸ்? அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண் கைக்கு வந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

இன்டரில் ஒரு குரூப் தேற இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40, மூன்றும் சேர்ந்து 300-க்கு 150. உங்கள் கூட்டுத்தொகை 154. அதாவது அக்ரிகேட் உங்களுக்கு இடிக்கவில்லை, டாக்ஸில் 6 மார்க் மட்டும்தான் இடித்திருக்கிறது. ஃபெயிலான குரூப்பில் எந்தப் பேப்பரிலாவது 60 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால், அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்கு அந்தப் பேப்பரை எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த 62 காணாமல் போவதில்லை, அப்படியே கூட்டுத்தொகைக்கு வரும். ஆக, லாவும் டாக்ஸும் சேர்ந்து நீங்கள் எடுக்க வேண்டியது 150-லிருந்து 62-ஐக் கழித்த 88. ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 இருக்க வேண்டும். டாக்ஸில் 40 எடுத்தால் லாவில் 48 போதும். டாக்ஸில் 45 என்றால் லாவில் 43. இந்த முறை லாவில் 58 எடுத்தவர் அதில் பத்து மார்க் சறுக்கினாலும் டாக்ஸில் 40-ஐத் தொட்டால் குரூப் கையில். நிலைமை நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

விலக்கு வாங்கிய பேப்பரின் மார்க் எவ்வளவு என்பதும் கணக்கில் முக்கியம். சரியாக 60 எடுத்தவர் மற்ற இரண்டில் 90 சேர்க்க வேண்டும். 70 எடுத்தவருக்கு 80 போதும், அது எப்படியும் 40-உம் 40-உம்தான். 70-க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மார்க்கும் இந்தக் கணக்கில் வீண். ஒரே நேரத்தில் இரண்டு பேப்பரில் விலக்கு வாங்கியவருக்கு அக்ரிகேட் கவலையே கிடையாது, மூன்றாவதில் 40 எடுத்தால் முடிந்தது.

இந்த விலக்குக்குத் தனி விண்ணப்பம் எதுவும் தேவையில்லை, தானாகவே வரும். ஆனால் குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதியிருந்தால்தான் வரும். இதில் ஏமாறுபவர்கள் நிறைய. டாக்ஸ் தேறாது என்று முன்பே தெரிந்துவிட்டது, எதற்குப் போய் உட்கார்வது என்று அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அக்கவுண்ட்ஸில் 75 வந்திருந்தாலும் அது அத்தோடு போயிற்று. மூன்றாவது பேப்பரில் 10 மார்க்தான் வரும் என்று தெரிந்தாலும் ஹாலுக்குப் போய் எழுதிவிட்டு வருவதே புத்திசாலித்தனம். நீங்கள் 34 எடுத்த அந்த டாக்ஸ் பேப்பருக்குப் போய் உட்கார்ந்ததால்தான் இன்று 62 உங்களிடம் இருக்கிறது.

அடுத்தது 'மூன்று அட்டெம்ப்ட்' என்பதை எப்படி எண்ணுவது. நீங்கள் எழுதும் மூன்று தேர்வு என்று இதற்குப் பொருள் இல்லை. சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் (ஐ.சி.ஏ.ஐ.) அடுத்து நடத்தும் மூன்று தேர்வு. ஃபார்ம் போடாவிட்டாலும், போட்டுவிட்டு ஜுரத்தில் படுத்துவிட்டாலும், வீட்டில் கல்யாணம் என்று தள்ளிப்போட்டாலும் ஒன்று கழிந்துவிடும். வருடத்துக்கு மே, நவம்பர் என்று இரண்டே தேர்வு இருந்த காலத்தில் மூன்று அட்டெம்ப்ட் என்றால் ஒன்றரை வருடம். 2024 முதல் இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. அதனால் அதே மூன்று அட்டெம்ப்ட் இப்போது ஒரே வருடத்தில் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு ஜனவரி, மே, அடுத்த செப்டம்பர். சீனியர்கள் 'நிதானமாக எழுதலாம், ஒன்றரை வருஷம் இருக்கு' என்று சொன்னால், அவர்கள் காலத்துக்கு அது சரி.

இப்போது பலருக்கும் தெரியாத ஒரு விதி. ஒரு குரூப்பில் ஒரு விலக்கு உயிரோடு இருக்கும்வரை அதே குரூப்பின் மற்றப் பேப்பர்களில் புதிதாக விலக்கு தரமாட்டார்கள். உதாரணத்துக்கு, ஜனவரியில் லாவில் 66, டாக்ஸில் 38 எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 166, ஆனால் டாக்ஸில் 2 மார்க் குறைவு, ஃபெயில். லாவில் 66 எடுத்தேனே, அதையும் கழித்துவிட்டு மே மாதம் டாக்ஸ் ஒன்றை மட்டும் எழுதலாம் என்று நினைத்தால் அது நடக்காது. மே மாதமும் லா, டாக்ஸ் இரண்டுமே எழுத வேண்டும். ஒரே தேர்வில் இரண்டு பேப்பரில் 60 வந்தால் இரண்டுக்கும் விலக்கு உண்டு. தேர்வுக்குத் தேர்வு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக முடியாது, அவ்வளவுதான். இந்தத் தடை அந்தந்தக் குரூப்புக்குள் மட்டும்தான். இரண்டாம் குரூப் எழுதி அதில் 60 எடுத்தால் அதற்குத் தனியாக விலக்கு உண்டு.

இதிலிருந்து படிக்கும் முறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. ஜனவரிக்கு லாவில் 70 எடுக்க நேரம் செலவிடுவதில் பயன் இல்லை. 50-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தை முழுக்க டாக்ஸில் போட வேண்டும். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கம்தான் இந்தக் கட்டத்தில் ஆளைக் கவிழ்க்கிறது.

டாக்ஸ் பேப்பரில் வருமான வரி 50, ஜி.எஸ்.டி. 50. மொத்த மார்க்கில் 30 எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்), அதில் தவறான விடைக்கு மார்க் பிடிப்பதில்லை. 34-லிருந்து 45-க்கு வர வேண்டியவருக்கு ஜி.எஸ்.டி. பாதியைப் பிடிப்பது சுலபம் என்பது என் அபிப்பிராயம். பரப்பு சிறியது, சப்ளையின் இடம், காலம், மதிப்பு, உள்ளீட்டு வரி வரவு, பதிவு, ரிட்டர்ன் என்று ஒரே கணக்கில் கோர்த்துக் கேட்பதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. பத்துப் பதினைந்து முழுக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் அந்த வடிவம் பிடிபடும். வருமான வரியில், வருமானத்தைப் பிரிக்கும் ஐந்து தலைப்புகளையும் சேர்த்து மொத்த வருமானமும் வரியும் கணக்கிடும் பெரிய கேள்வியை விடாதீர்கள். விடை தப்பினாலும் படிகளுக்கு மார்க் உண்டு. ஒவ்வொரு கழிவுக்கும் பக்கத்தில் ஒரு வரி ஒர்க்கிங் நோட் எழுதாமல் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அந்தப் படி மார்க்கை இழக்கிறார்கள்.

ஜனவரியைத் தவறவிடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. செப்டம்பருக்கு நீங்கள் படித்த அதே நிதிச் சட்டம்தான் பொதுவாக அடுத்த ஜனவரிக்கும் பொருந்தும். மே தேர்வோடு அடுத்த நிதிச் சட்டம், அடுத்த மதிப்பீட்டு ஆண்டு என்று மாறிவிடும். படித்த நோட்ஸை மாற்றாமல் இன்னொரு முறை எழுதக் கிடைக்கும் வாய்ப்பு ஜனவரி. போதாக்குறைக்கு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் வருகிறது, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். எந்தத் தேர்வுக்கு எது பொருந்தும் என்பதை ஒவ்வொரு முறையும் இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஸ்டடி கைட்லைன்ஸில் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். கோச்சிங் சென்டர் விற்கும் புத்தகத்தின் அட்டையை நம்ப வேண்டாம்.

இதற்கு நடுவில் கையில் இருக்கும் ஒரு சின்ன வழியையும் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மார்க் வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பிக்கலாம். பேப்பருக்கு 100 ரூபாய். விடைத்தாளின் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 500 ரூபாய். வெரிஃபிகேஷன் என்றால் மறுமதிப்பீடு கிடையாது. கூட்டல் சரியா, ஏதாவது விடைக்கு மார்க் போடாமல் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். உங்களுக்கு டாக்ஸில் 6 ஏறினால் குரூப்பே பாஸ், லாவில் 2 ஏறினால் இரண்டாவது விலக்கு. டாக்ஸில் 6 மார்க் கூட்டலில் தவறியிருப்பது அபூர்வம். ஆனாலும் 200 ரூபாய்க்கு இரண்டையும் போட்டுவைக்கலாம். டாக்ஸ் நகலை வாங்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: எந்தக் கேள்வியில் மார்க் போயிற்று என்று அடுத்த தேர்வுக்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம், எந்த மாக் டெஸ்ட்டும் அதைச் சொல்லாது. பதில் வரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். ரிசல்ட்டுக்கும் ஜனவரித் தேர்வுக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மாதம்தான், ஃபார்ம் போடும் தேதி அதற்குள் வந்து போய்விடும்.

இனி பெர்மனென்ட் எக்ஸெம்ப்ஷன். 2023 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய கல்வித் திட்டத்தோடு வந்தது இது. மூன்று அட்டெம்ப்ட்டும் தீர்ந்த பிறகு, அந்த விலக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நீங்கள் தேர்வு செய்யலாம். அதனால் 'இப்போதே பெர்மனென்ட் ஆக்கிவிடு' என்று உங்கள் நண்பர் சொன்னது முதலிலேயே பொருந்தாது, உங்களுக்கு ஒரு அட்டெம்ப்ட்கூட இன்னும் கழியவில்லை. இதில் ஒரு விலையும் இருக்கிறது. நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் மீதமுள்ள ஒவ்வொரு பேப்பரிலும் 50 எடுத்தாக வேண்டும். அந்த 40 என்ற சலுகை இல்லை. ஒன்றில் கூடுதலாக எடுத்து இன்னொன்றில் ஈடுகட்டும் வழியும் இல்லை. லாவில் 72, டாக்ஸில் 49 என்றால் ஃபெயில்தான்.

இதை உங்கள் எண்ணிலேயே போட்டுப் பாருங்கள். மூன்று அட்டெம்ப்ட்டுக்குள் உங்களுக்குத் தேவை இரண்டு பேப்பரில் 88. நிரந்தரம் என்று போனால் 50-உம் 50-உம், 100. அந்த மூன்று தேர்விலும் அக்கவுண்ட்ஸ் படிக்கும் பாரம் இல்லாமல் இரண்டே பேப்பர் எழுதியும் 88-ஐ எட்டாத ஒருவர், அதே இரண்டே பேப்பரை எழுதி 100-ஐ எட்டுவார் என்று எதை நம்பிச் சொல்வது? பாரம் அதேதான், கோடு மட்டும் மேலே போய்விட்டது. இதற்கு மாற்று, விலக்கை விட்டுவிட்டு மூன்றையும் புதிதாக எழுதுவது. அக்கவுண்ட்ஸில் மறுபடி 62 வந்தால் மற்ற இரண்டில் பழையபடி 88 போதும். அக்கவுண்ட்ஸ் 64, லா 52, டாக்ஸ் 43 என்று எழுதினால் 159, பாஸ். இதே லா 52, டாக்ஸ் 43-ஐ நிரந்தர விலக்கோடு எழுதியிருந்தால் டாக்ஸ் 43 என்பதால் ஃபெயில். மூன்றையும் புதிதாக எழுதும்போது 60 வந்தால் புதிய விலக்கும், புதிய மூன்று அட்டெம்ப்ட்டும் கிடைக்கும்.

அப்படியானால் நிரந்தர விலக்கு யாருக்குத்தான் உதவும் என்றால், என் கணிப்பில் மூன்று வகையினருக்கு. இரண்டு பேப்பரில் விலக்கு வாங்கி ஒன்றில் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டவர்: நான்கு மாதம் ஒரே பேப்பரைப் படித்து 50 எடுப்பது, மூன்றையும் திரும்ப எழுதுவதைவிட நிச்சயமாக எளிது. அடுத்து, மூன்று அட்டெம்ப்ட்டும் உண்மையில் எழுதாமலே கழிந்தவர், உடம்பு, வேலை, பிரசவம் என்று. அவர் 88-ஐ முயன்று தோற்கவில்லை, முயலவே இல்லை. மூன்றாவது, விலக்கு வாங்கிய பேப்பரில் இன்னொரு முறை அந்த மார்க் வராது என்று மனசாட்சிக்குத் தெரிந்தவர். தெரிந்த கேள்வியாக அமைந்து 60 வந்ததா, படிப்பால் வந்ததா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். இதை வெளியிலிருந்து யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி மட்டும் அந்த விருப்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பி.காம்., சி.எம்.ஏ. பற்றிய கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம் இருந்தால் சி.ஏ.-வின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டரில் பதியலாம். சி.எம்.ஏ. இன்டரோ கம்பெனி செக்ரட்டரி படிப்பின் அதே நிலையோ முடித்தவர்களுக்கும் இதே வழி. கழிவது ஃபவுண்டேஷன் மட்டும்தான். இன்டரில் ஒரு பேப்பர்கூடக் கழியாது. நீங்கள் ஏற்கனவே இன்டரில் இருப்பதால், டாக்ஸ் கழியும் என்று எண்ணி சி.எம்.ஏ. சேர்வது பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம். பட்டத்துக்கு ஏற்பப் பேப்பர் கழிவது பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ. கணக்கியல் படிப்பில்தான். அங்கே 13 பேப்பரில் முதல் 9 வரை, படித்த படிப்பைப் பொறுத்து, பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி விலக்கு வாங்கலாம். கடைசி நான்கை எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே கேட்டதை இங்கே பொருத்திப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

ஜனவரியில் இரண்டாம் குரூப்பையும் சேர்த்து எழுதலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் தேறி, ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். என்ற கணினி, தொழில்திறன் பயிற்சியும் முடித்த பிறகுதான் ஆர்டிகல்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் செயல்முறைப் பயிற்சி, தொடங்க முடியும், அது இரண்டு வருடம். அதனால் அவசரம் புரிகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் ஐந்து பேப்பர், அதில் மூன்று இதுவரை தொடாதவை என்றால் முதலில் அடிபடப்போவது டாக்ஸ்தான். ஜனவரியில் லா, டாக்ஸ் இரண்டை மட்டும் எழுதுங்கள், மே மாதம் இரண்டாம் குரூப்பை முழுசாக எழுதுங்கள். ஜனவரி தப்பினால் மே மாதம் ஐந்தும் சேர்த்து எழுத வேண்டிவரும், அதற்கு நான்கு மாதம் இருக்கும்.

ஃபார்ம் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் குரூப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு முதல் பேப்பருக்கு நேரே விலக்கு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டணம் குரூப் கணக்கில்தான், ஒரு பேப்பர் எழுதவில்லை என்பதற்காகக் குறையாது. 62-ஐ 75 ஆக்கலாமே என்று அக்கவுண்ட்ஸையும் எழுத விரும்பி விலக்கை விட்டுக்கொடுக்க நினைத்தால், பழைய 62 கணக்கில் இருக்காது, புதிதாக வருவது 48 என்றால் 48தான். விலக்கு காட்டவில்லை என்றால் கடைசித் தேதி வரை காத்திராமல் மார்க் ஷீட்டை இணைத்துத் தேர்வுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் அதில் எந்தெந்தப் பேப்பருக்குத் தேதி போட்டிருக்கிறது என்று இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.